டார்ச் வாங்கப் போறீங்களா? முதல்ல பேட்டரியைக் கேளுங்க!

ஐப்பசி பிறந்துட்டா நம்ம பக்கம் கரண்ட்டை நம்பி உட்கார முடியாது தங்கச்சிகளா. 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்போ நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கம் எத்தனையோ கிராமங்கள் வாரக்கணக்கா இருட்டுல கிடந்துச்சு. "அதான் போன்லயே லைட் இருக்கே"ன்னு சொல்லாதீங்க. அந்த மாதிரி நாள்ல போன்ல மிச்சமிருக்கிற சார்ஜ் பேசறதுக்கே பத்தாது. வெளிச்சத்துக்குத் தனியா ஒரு டார்ச் வேணும்.

கடையில போனா, கடைக்காரர் எடுத்த எடுப்புல வெளிச்சத்தை அடிச்சுக் காட்டுவார். பகல்ல, ட்யூப் லைட் எரியற கடையில எல்லா டார்ச்சும் பளிச்சுனுதான் இருக்கும். நீங்க முதல்ல கேட்க வேண்டியது, "அண்ணே, இதுல என்ன பேட்டரி போடணும்?" அதுக்கு வர்ற பதில்லயே பாதி முடிவு தெரிஞ்சுடும்.

வீட்டுக்குன்னு ஒரே ஒரு டார்ச்தான் வாங்கறீங்கன்னா, சுவர்க் கடிகாரத்துல போடற டபுள் ஏ செல் ரெண்டு போடற மாதிரி வாங்குங்க. தெருமுனைப் பெட்டிக்கடையில கூட அந்த செல் கிடைக்கும். அவசரத்துக்குக் கடிகாரத்துல இருக்கறதைக் கழட்டிப் போட்டாலும் கொஞ்ச நேரம் ஓடும். தாத்தா காலத்துப் பெரிய பேட்டரிக்கட்டை டார்ச்சும் நல்லதுதான், நிறைய நேரம் எரியும், ஆனா கனம். இப்ப எல்லாக் கடையிலயும் அந்தக் கட்டை வெச்சிருக்கறதும் இல்லை.

ரிமோட்டுக்குப் போடற ஒல்லி செல் மூணை ஒரு பிளாஸ்டிக் கூட்டுல சொருகி உள்ள தள்ற டார்ச் ஒண்ணு விலை மலிவா வரும் பாருங்க, அது எனக்கு ஆகவே ஆகாது. அந்தக் கூட்டோட தகடு வளைஞ்சா போச்சு, அந்தக் கூடு மட்டும் தனியாக் கிடைக்காது. ரீசார்ஜ் செல் போடலாம்னா, நிறைய சார்ஜர் ரெண்டு ரெண்டாத்தான் சார்ஜ் ஏத்தும். மூணாவது செல் அம்போன்னு நிக்கும்.

செல்லுலயும் ஜாதி இருக்கு. அட்டையில "ஆர் 6"னு போட்டிருந்தா அது சாதா ஜிங்க் கார்பன். "எல்ஆர் 6"னா ஆல்கலைன். கடிகாரத்துக்கும் ரிமோட்டுக்கும் சாதா செல்லே தாராளம். டார்ச் அப்படி இல்லை, ஒரேயடியா கரண்ட் இழுக்கும். அதுக்கு ஆல்கலைன்தான் தாங்கும், கூடக் கொடுக்கிற காசுக்கு மேலயே உழைக்கும். அடிக்கடி டார்ச் எடுக்கற வீடுன்னா நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் செல் வாங்கிடுங்க. அதுல 1.5 வோல்ட்டுக்குப் பதிலா 1.2 வோல்ட்னு போட்டிருக்கும், பயப்படாதீங்க, பெரும்பாலான எல்இடி டார்ச்ல நல்லாவே எரியும். ஆனா "லோ செல்ஃப் டிஸ்சார்ஜ்"னு எழுதியிருக்கான்னு பார்த்து வாங்குங்க. அந்த ரகம் சும்மா கிடந்தாலும் ஒரு வருஷம் கழிச்சு முக்கால்வாசி சார்ஜாவது வெச்சிருக்கும். மத்தது சில மாசத்துலயே காலி.

பழைய செல்லையும் புது செல்லையும் ஜோடி சேர்க்கவே கூடாது. களைச்சுப்போன செல்லை நல்ல செல் தள்ளிக்கிட்டே போகும், கடைசியில களைச்சது ஒழுக ஆரம்பிக்கும். டப்பாவுல எது புதுசு எது பழசுன்னு குழம்பிட்டா, ஆல்கலைன் செல்லை மட்டும் ரெண்டு விரக்கடை உயரத்துல இருந்து தரையில நெட்டுக்குத்தலா விட்டுப் பாருங்க. புதுசு தொப்புனு நிக்கும், இல்லைன்னா சாயும். உழைச்சது துள்ளும். துள்ளினா செத்துப்போச்சுன்னு அர்த்தமில்லை, புதுசு இல்லைன்னுதான் அர்த்தம். அதனால உடனே தூக்கிப் போட்டுடாதீங்க.

சார்ஜ் டார்ச்சுக்கு வருவோம். பின்னாடி ரெண்டு முள் மடக்கி வெச்ச பெரிய டார்ச் இருக்கே, அதுல பலதுலயும் உள்ள இருக்கறது லெட் ஆசிட் பேட்டரி. அதைத் தீர்த்துப் பரண்ல போட்டு, அடுத்த மழைக்கு எடுத்தா எரியாது. அதுக்கப்புறம் எவ்வளவு நேரம் ப்ளக்ல சொருகினாலும் சார்ஜ் ஏறாது. எரிச்சாலும் எரிக்காட்டாலும் மாசம் ஒருதரம் சார்ஜ் போட்டே ஆகணும். அந்தப் பொறுமை உங்களுக்கு இல்லைன்னா வாங்காதீங்க.

இப்ப வர்ற அலுமினிய டார்ச்ல 18650னு ஒரு லித்தியம் செல். 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம், அதான் அந்த நம்பர். நல்ல செல்தான், வெளிச்சமும் ஜோரா வரும். ஆனா ஏமாத்து வேலையும் இதுலதான் ஜாஸ்தி. எவ்வளவு சார்ஜ் பிடிக்கும்னு காட்ட "9,800 எம்ஏஎச்"னு மேல அச்சடிச்சு விப்பாங்க. நம்பகமான கம்பெனி செல்லே 3,500 பக்கம்தான் நிக்கும். அதுக்கு ரெண்டு மடங்குக்கு மேல எழுதியிருந்தா எழுத்தே பொய், உள்ள இருக்கறதை எப்படி நம்பறது? மேல்தோல் கிழிஞ்ச லித்தியம் செல்லைப் போடாதீங்க. சாவி, சில்லறையோட பர்ஸ்லயும் போடாதீங்க, முனை உரசினா தீப்பிடிக்கும். ஃப்ளைட்ல போறவங்க ஸ்பேர் செல்லைக் கைப்பையிலதான் கொண்டு போகணும். டைப்-சி சார்ஜிங் இருக்கற டார்ச்னா, உங்க போன் சார்ஜரைக் கையோட கொண்டு போய்க் கடையிலயே சொருகிப் பாருங்க. சில மலிவு டார்ச், ரெண்டு பக்கமும் டைப்-சி இருக்கற கேபிள்ல சார்ஜே ஏறாது.

வெளிச்சம் எவ்வளவு வேணும்? அட்டையில "ஒரு லட்சம் லூமன்"னு போட்டிருந்தா சிரிச்சுட்டு வெச்சுடுங்க. ராத்திரி பாத்ரூம் போக 10, 20 லூமனே போதும், கண்ணும் கூசாது. வீட்டுக்குள்ள 100, 200. தெரு, கொல்லை, வயக்காட்டுக்கு 300ல இருந்து 500. அதுக்கு மேல இருந்தா பெருமைதான், பேட்டரி சீக்கிரம் தீரும். "200 மீட்டர் அடிக்கும்"னு போட்டிருந்தா, அவ்வளவு தூரத்துல வெறும் பௌர்ணமி நிலா வெளிச்சம்தான் விழும்னு அர்த்தம். அளவெடுக்கற முறையே அப்படி. உண்மையா ஆளை அடையாளம் தெரியணும்னா அதுல பாதிக்கும் கீழ வெச்சுக்கோங்க.

கடையில உள்ளங்கை மேல அடிச்சுப் பாருங்க. தோல் நீலம் பாரிச்சுத் தெரிஞ்சா அந்த லைட் வேணாம். காய்ஞ்ச சருகுல கிடக்கற பாம்பு அந்த வெளிச்சத்துல தனியாத் தெரியாது. கொஞ்சம் மஞ்சள் கலந்த வெள்ளைதான் மழைக்கும் பனிக்கும் நல்லது, கண்ணு அவ்வளவாக் கூசாது. கட்டுவிரியன் ராத்திரிதான் நடமாடும், அது கடிச்சா வலியே தெரியாமக்கூட இருக்கும். அதனால டார்ச்சை இடுப்புயரத்துல பிடிச்சு ரெண்டு மூணு அடி முன்னாடி தரையில அடிச்சுட்டுப் போங்க. அப்பதான் மேடுபள்ளத்தோட நிழல் விழும். பூப்பறிக்க, பால் கறக்கப் போறவங்க கட்டற நெத்தி லைட்டால ரெண்டு கையும் ஃப்ரீதான். ஆனா அது கண் மட்டத்துல இருந்து அடிக்கறதால நிழல் சரியா விழாது, தரை தட்டையாத் தெரியும்.

பின் மூடியைத் திருகித் திறந்து பாருங்க. மரை வழவழன்னு சுத்தணும், ரப்பர் வளையம் இருக்கணும், ஸ்ப்ரிங் கெட்டியா இருக்கணும். தண்ணி எவ்வளவு தாங்கும்னு அட்டையில ஐபிஎக்ஸ் நம்பர் போட்டிருக்கும். மழைக்கு ஐபிஎக்ஸ் 4 போதும். தண்ணியில விழுந்தாலும் தாங்கணும்னா ஐபிஎக்ஸ் 7. அப்பா, அம்மா கைக்குக் கொடுக்கறதா இருந்தா ஒரே அமுக்கு, எரியணும்; இன்னொரு அமுக்கு, அணையணும். நாலு தடவை அமுக்கி, நடுவுல பளிச் பளிச்சுன்னு மின்னி, அப்புறம் அணையற டார்ச்சை அவங்க தலையில கட்டாதீங்க.

ஆல்கலைன் செல்லை டார்ச்சுக்குள்ளயே மாசக்கணக்கா மறந்துடாதீங்க. ஒழுகி வெள்ளையாப் பூத்துச்சுன்னா, கையுறை போட்டுக்கிட்டு எலுமிச்சைச் சாறோ வினிகரோ பட்ஸ்ல தொட்டு ஸ்ப்ரிங்கைத் துடைங்க, கொஞ்சம் நுரைக்கும். அப்புறம் ஈரத்துணி, அதுக்கப்புறம் நல்லாக் காயணும். அந்தக் கையோட கண்ணைத் தொடாதீங்க.

கடைசியா, பொட்டு மாதிரி பட்டன் செல் போட்ட சாவிக்கொத்து டார்ச் பத்தி. சின்னக் குழந்தை இருக்கற வீட்டுல அது வேண்டவே வேண்டாம். குழந்தை முழுங்கியிருக்குமோன்னு சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காம, நாளைக்குப் பார்க்கலாம்னு இருக்காம, நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுங்க. ரெண்டே மணி நேரத்துல அது உணவுக்குழாயைப் பொசுக்க ஆரம்பிச்சுடும்.