திமிங்கிலச் சுறாவும் ஒரு வாளித் தண்ணீரும்

திமிங்கிலச் சுறாவுக்கு அஞ்சுகிறவர்களிடம் அதன் சாதுத்தன்மையை உபதேசிப்பதில் நம்மவர்களுக்கு இருக்கும் உற்சாகம் அலாதியானது. வாய் நாலைந்தடி அகலம் திறந்தாலும் தொண்டை குறுகியது, பற்கள் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் அவை மிகச் சிறியவை, மிதவையுயிர்களையும் மீன்முட்டைகளையும் நீரோடு உறிஞ்சி வடிகட்டித் தின்னும் ஜீவன் அது என்றெல்லாம் நவி மும்பை வாஷியில் எங்கள் கட்டடத்து மாடிப்படியிலேயே எனக்குப் பாடம் நடத்தியவர்கள் பலர். அவ்வளவையும் மனப்பாடம் செய்துகொண்டு மாலத்தீவுக்குப் போய், தெற்கு ஆரிப் பவளத்திட்டின் விளிம்பில், தோணியின் ஓரத்தில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்தபோது, என் முழங்கால்கள் அந்தச் சாஸ்திரத்தில் ஒரு வரியைக்கூட ஒப்புக்கொள்ளவில்லை.

மேல்மாடிக் குஜராத்தி அம்மாள் சொன்னதுதான் கொஞ்சமாவது மனத்தில் தைத்தது. சௌராஷ்டிரக் கரையில் பிறந்தவர் அவர். தூண்டிலோடு பீப்பாய்களைக் கட்டிவிட்டு, மீன் களைத்து மேலே வரும்வரை காத்திருந்து கொன்றதால் அதற்குப் ‘பேரல்’ என்றே பெயர் வழங்கியதையும், அதன் ஈரல் எண்ணெயை மரப்படகுகளுக்குப் பூசியதையும், ஆவணப்படக்காரர் மைக் பாண்டே 2000-இல் எடுத்த படத்தைத் தொடர்ந்து 2001-இல் வனஜீவிச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அது சேர்க்கப்பட்டதையும், 2004-க்குப் பின் ராமகதை உபன்யாசகர் மொராரி பாபு அதற்கு ‘வஹாலி’ என்று பெயரிட்டுப் பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகள் என்று மீனவர்களிடம் எடுத்துச் சொன்னதையும், அவர்கள் தங்கள் வலையைத் தாங்களே அறுத்து அதை விடுவிக்கலானதையும் அவர் சொல்லக் கேட்டபோது எனக்குப் பரிவு உண்டாயிற்று. பரிவினால் கடலில் மூச்சு விட வராது என்பதைப் பின்னால் கண்டேன்.

ஏனெனில் நான் அஞ்சியது மீனுக்கே அல்ல. முகத்தை நீருக்குள் வைத்துக்கொண்டு குழாய் வழியாகச் சுவாசிக்க வேண்டிய நிர்ப்பந்தத்துக்கு. இதை எனக்கு முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டியவர், எங்கள் பக்கத்து நீச்சல் குளத்தில் மாதக்கணக்காக என்னிடம் கட்டணம் வாங்கிக்கொண்டு கையையும் காலையும் மட்டும் அசைக்கக் கற்பித்த ஆசிரியர். மாஸ்க்கையும் குழாயையும் குளத்திலேயே பழகிவிடலாமா என்று நான் கேட்டபோதெல்லாம், “ஆன்ட்டி, அது கடலில் தானாக வரும்” என்று சிரித்தார். தானாக வந்தது மூச்சுமுட்டல்தான். பதற்றத்தில் சிறுசிறு மூச்சாக இழுத்தேன். வெளியே போகவேண்டிய அசுத்தக் காற்று குழாயிலேயே தங்கி, அதையே நான் திரும்பத் திரும்ப உள்ளுக்கிழுக்க, நெஞ்சு மேலும் தவித்தது. அந்தத் தவிப்பில் மூக்கினால் காற்றை விட, மாஸ்க் விலகி உப்புநீர் புகுந்தது. வழிகாட்டிப் பையன் கீழே கைகாட்டிய அந்தக் கணத்தில் நான் தோணியின் ஏணியைத் தேடிக்கொண்டிருந்தேன். பல மாதச் சேமிப்பு கரைந்ததற்குக் கையிலிருந்த பலன், என் கணவர் மேலிருந்தபடியே பார்த்ததாகச் சொல்லும் ஒரு நிழல்.

ஆகவே, மீனைப் பற்றிப் படிப்பதை நிறுத்திவிட்டு ஒரு வாளி நிறையத் தண்ணீர் பிடித்துக்கொள்ளுங்கள். மாஸ்க் அணிந்து, முகத்தை அதில் வைத்து, இழுப்பதைவிட விடுவதை நீட்டிப் பழகுங்கள். சஹஸ்ரநாமம் தெரிந்தவர்கள் ஒரு நாமத்துக்கு இழுத்து இரண்டு நாமத்துக்கு விடலாம், நான் அப்படித்தான் செய்தேன். அருகில் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். வாஷிக் கழிமுகத்தின் சேற்றுநீர் இதற்கு உதவாது. பன்வேலில் கொங்கண் ரயில் ஏறிக் குடாலில் இறங்கினால் மால்வண் பக்கத்தில், மழைக்காலம் கழிந்த பிறகு, தெளிந்த கடல் கிடைக்கும். பிள்ளைகள் வேலைக்குப் போய், வைப்பு நிதியும் கைக்கு வந்திருக்கும் வயதில் உங்களுக்கு இதற்கு நேரமில்லை என்று நான் நம்ப மாட்டேன்.

மாலத்தீவுக்கு மறுபடி சென்றபோது மூச்சு நிலைத்தது, கண்ணும் திறந்தது. 2009-இல் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்ட அந்தக் கடலுக்கு வருபவை பெரும்பாலும் இளம் ஆண் மீன்கள். எனக்குக் கீழே சென்றது எங்கள் கூடத்தின் நீளமிருக்கும், முதுகெல்லாம் வெண்புள்ளிகள். செவுளுக்குப் பின்னுள்ள புள்ளிகளின் அமைப்பு ஒவ்வொன்றுக்கும் வேறு என்பதால், அதைப் படமெடுத்து இன்ன மீன் என்று அடையாளம் காண்கிறார்கள். உடலிலிருந்து மூன்று மீட்டர், வாலிலிருந்து நான்கு மீட்டர் விலகியிருக்க வேண்டும், முன்னால் மறிக்கலாகாது, தொடலாகாது, ஃபிளாஷ் கூடாது. அது வாலை ஒருமுறை சாவதானமாக வீசியதும் நான் வெகுதூரம் பின்தங்கிவிட்டேன், துரத்தவில்லை.

எங்கள் சம்பந்தி வீட்டார் பிலிப்பைன்ஸில் ஓஸ்லாபுக்குப் போய் இதே மீனோடு எடுத்துக்கொண்ட படங்களை, நான் எதைச் சொன்னாலும் நீட்டுகிறார்கள். அங்கே படகிலிருந்து சிற்றிறாலை ஊட்டி மீன்களைக் கரையோரம் நிறுத்திவைக்கிறார்கள். இரைக்காகப் படகையே சுற்றிவரப் பழகிய பிராணி எந்தப் படகையும் நம்பி நெருங்கிப் புண்படும் என்று கடல்வாழ் உயிரியலார் ஆட்சேபிப்பதை எடுத்துச் சொன்னேன். படங்கள் நன்றாக வந்திருக்கின்றன என்பதே பதில். காட்டிலும் கடலிலும் பிராணி வராமலே போகக்கூடிய நாளுக்கும் சேர்த்துத்தான் பணம் கட்டுகிறோம் என்பது என் கட்சி.

அந்த நீச்சல் ஆசிரியர் இப்போது ‘திறந்த கடல் பயிற்சி’ என்று பலகை தொங்கவிட்டிருக்கிறார். அதன்கீழ் என் படத்தையும் இரண்டு வரிப் பாராட்டையும் போட்டுக்கொள்ளச் சம்மதம் கேட்டு வந்தார். வாளியின் படத்தைப் போட்டுக்கொள்ளும்படி சொல்லி அனுப்பினேன்.