மழையோடு திரும்பினால் முக்கும் ஸ்கூட்டர்

மே மாதம் ஊருக்குப் போய் ஜூனில் திரும்பும் தாராவி, செம்பூர் குடும்பங்களின் பழைய கார்புரேட்டர் ஸ்கூட்டர்கள் ஸ்டார்ட் ஆனாலும் ஐடிலில் நிற்பதில்லை. பெட்ரோல் ஆவியானபின் மிஞ்சும் பிசின், மயிரிழை அளவே துளையுள்ள பைலட் ஜெட்டை அடைத்துவிடுகிறது. இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை கலக்கும் எத்தனால், மும்பைக் காற்றின் ஈரத்தையும் இழுக்கும். நீர் மிகுந்தால் எத்தனாலும் நீரும் பெட்ரோலிலிருந்து பிரிந்து டாங்கின் அடியில் தங்கும். சோக் போட்டால் மட்டும் ஓடுகிறதா? பெரும்பாலும் ஜெட் அடைப்புதான்.

முதலில் டாங்கையும் கார்புரேட்டர் கிண்ணத்தையும் வடித்துப் புதுப் பெட்ரோல் ஊற்ற வேண்டும். இதிலேயே பல வண்டிகள் தேறும். இல்லையென்றால் ஜெட்டைக் கழற்றி கார்புரேட்டர் கிளீனர் அடிக்கலாம். கம்பியால் குத்தினால் துளை பெரிதாகி மைலேஜ் போகும். பிளக், ஏர் ஃபில்டர் எல்லாம் அதற்கடுத்து. வடிப்பது திறந்தவெளியில்தான், அடுப்பெரியும் சந்தில் கூடவே கூடாது.