பூனை மறைக்கும் வலி

மாமல்லபுரத்தின் அர்ச்சுனன் தபசுப் பாறையில், முன்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்யும் பூனை ஒன்று உண்டு. அதன் காலடியில் எலிகள் அதை நம்பி நிற்கும். பல்லவர் காலத்திலிருந்து அது பொய்த்தவத்துக்கு அடையாளம். எங்கள் ஊரில் வீட்டுப் பூனை ஏதாவது வம்பு செய்தாலும் பெரியவர்கள் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறார்கள்: "கள்ளப் பூனை, வேணும்னே பண்ணுது."

எங்கள் கடுவன் பூனை முத்துவோடு பட்ட பாட்டில் எனக்கு விளங்கியது வேறு. பூனை நம்மிடம் மறைப்பது ஒன்றே ஒன்றைத்தான்: தன் உடம்பு நோவை. வெளியில் பிழைக்கும் சின்ன விலங்கு வலியைக் காட்டினால் இன்னொன்றுக்கு இரையாகிவிடும். சோபாவில் தூங்கும் பூனைக்கும் அந்தப் பழக்கம் போவதில்லை. வலி முற்றும்போது வெளியே வருவது "கெட்ட நடத்தை".

முத்து வளர்ந்து பெரியவனானதும் கதவு, பீரோ, அரிசி மூட்டை என்று சிறுநீர் பீய்ச்ச ஆரம்பித்தான். அப்புறம் கடி. நடந்துபோகும் அம்மாவின் கணுக்காலில் பாய்ந்து பல் பதிப்பான். "கோணியில கட்டி மீன் ஏலம் போடுற இடத்துல விட்டுட்டு வாடா, அங்க பொழச்சுக்கும்" என்றார் அம்மா. கொண்டுபோய் விடாமல் நாங்கள் செய்தவற்றைச் செய்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் உடம்பைப் பாருங்கள்

பூனை எப்படிச் சிறுநீர் போகிறது என்று கவனியுங்கள். நின்றபடி வாலைச் செங்குத்தாக உயர்த்தி, நுனி நடுங்க, சுவரில் கொஞ்சமாகப் பீய்ச்சினால் அது எல்லை குறிப்பது. தரையிலோ துணியிலோ குந்திப் போனால் நீர்ப்பையில் கோளாறு இருக்கலாம், அல்லது மணல் தட்டு பிடிக்காமல் இருக்கலாம். முத்து இரண்டையும் செய்தான். அடிக்கடி குந்துவான், சொட்டுச் சொட்டாகத்தான் வரும்.

கடுவன் முக்கி முக்கிச் சிறுநீரே வரவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அடைப்பு நீடித்தால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். உள்ளூர்க் கால்நடை மருத்துவமனையில் வசதி இல்லையென்றால், 1903-இல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் வேப்பேரி மருத்துவமனை இருக்கிறது. செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயிலில் எழும்பூர் போய் இறங்கினால் பக்கம்தான். கூடையைத் துணியால் மூடிக் கொண்டுபோங்கள். இருட்டில் பூனை அடங்கியிருக்கும்.

முத்துவுக்கு நீர்ப்பை அழற்சி. இளம் பூனைகளுக்கு இது வரும்போது பெரும்பாலும் கிருமி எதுவும் இருப்பதில்லை, மன அழுத்தம் பெரிய காரணம் என்று டாக்டர் விளக்கினார். வலி மருந்து அவர் கொடுத்தது மட்டும்தான். வீட்டில் இருக்கும் பாராசிட்டமால் ஒரு மாத்திரைகூடப் பூனையைக் கொன்றுவிடும்.

உடம்பு தேறியதும் கருத்தடை செய்தோம். கடுவனுக்கு ஐந்தாறு மாதத்திலேயே செய்துவிடலாம். பத்தில் ஒன்பது கடுவன்களுக்குப் பீய்ச்சுவது நிற்கும் அல்லது நன்றாகக் குறையும். ஆனால் மறுநாளே மாற்றம் தெரியாது. சில வாரம் பொறுக்க வேண்டும்.

பயம் எங்கிருந்து வருகிறது?

முத்து கடிக்கும்போதும் பீய்ச்சும்போதும் எந்த நேரம், எந்த இடம், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வந்தோம். அதில்தான் விடை கிடைத்தது. வடகிழக்குப் பருவமழையில் கடல் சீறி, படகுகள் கரையிலேயே கிடக்கும் நாட்களில்தான் கடி அதிகம். மீன் கழிவு கிடைக்காத கரையோரப் பூனைகள் அப்போது தெருவுக்குள் வந்துவிடும். ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் அந்நியப் பூனை நிற்கும். முத்துவால் அதைத் தொட முடியாது. பக்கத்தில் போகும் கால்மேல் பாய்வான். இப்படித் திசைமாறிய கோபம் தணிய மணிக்கணக்காகும். அந்த நேரத்தில் தூக்கிக் கொஞ்சக் கூடாது, அடிக்கவும் கூடாது. விளக்கை அணைத்து, அவனை ஓர் அறையில் தனியே விட்டுவிடுவோம்.

ஜன்னலின் கீழ்ப்பாதியில் பழைய செய்தித்தாள் ஒட்டினோம். தெருப் பூனைகளுக்கான சோற்றை வாசலிலிருந்து தெருமுனைக்கு மாற்றினோம். அலமாரிக்கு மேல் முத்துவுக்கு ஓர் இடம் ஒதுக்கினோம். உயரத்தில் இருந்தால் பூனைக்குத் தைரியம். மணல் தட்டு, பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக இருக்கட்டும். சோற்றுத் தட்டுக்கும் வாஷிங் மெஷினுக்கும் தள்ளி வைத்துத் தினமும் அள்ளுங்கள்.

பீய்ச்சிய இடத்தில் ஃபினாயில், டெட்டால் வேண்டாம். அவற்றில் உள்ள ஃபீனால் வகைப் பொருள்களைப் பூனையின் ஈரலால் முறிக்க முடியாது. காலில் பட்டதை நக்கினாலே விஷம். என்சைம் கலந்த சலவைப் பவுடரை வெதுவெதுப்பான நீரில் கரைத்துத் துடைத்து, பிறகு வெறும் நீரால் துடைத்தோம். வாடை மிச்சமிருந்தால் அதே இடத்துக்குத் திரும்பி வருவான்.

கடித்துவிட்டால்

பூனைப் பல் ஊசி மாதிரி; காயம் மேலே மூடிக்கொண்டு உள்ளே சீழ் வைக்கும். ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு எதையும் வைக்காதீர்கள். வீட்டுப் பூனைதானே என்று இருக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். ரேபிஸ் தடுப்பூசி அங்கே இலவசம். பூனைக்கும் ஆண்டுதோறும் ரேபிஸ் ஊசி போட்டுவிடுங்கள்.

முத்து இப்போது பீய்ச்சுவது அபூர்வம். வெளிப் பூனை வந்தால் உறுமுவான், கடிப்பதில்லை. அம்மாவின் கட்டிலில்தான் தூங்குகிறான்.

கோணியில் கட்டிக் கரையில் விடப்படும் பூனைகளை நான் நிறையப் பார்க்கிறேன். வீட்டில் வளர்ந்த பூனை அங்கே பிழைத்துக்கொள்ளாது. அந்த இடத்துப் பூனைகள் அதை அண்டவிடாது. விலங்குகளைப் பட்டினியில் வாடும்படி கைவிடுவது 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. கோணியைக் கையில் எடுக்கும் அளவுக்குப் பொறுமை போய்விட்டதென்றால், அந்தப் பூனையை ஒருமுறை கால்நடை மருத்துவரிடம் காட்டி, சிறுநீரைச் சோதிக்கச் சொல்லுங்கள். முத்துவின் கதை மாறியது அங்கிருந்துதான்.