நீண்ட வாழ்வுக்கு வேண்டுவது எது?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. தாவரவியல் மாணவர், கொண்டப்பநாயக்கன்பட்டி)

பெரியோரை வணங்கும்போது அவர்கள் நம்மை ‘நூறாண்டு வாழ்க’ என்று வாழ்த்துகின்றனர். அந்த நூறாண்டும் எதைக்கொண்டு நிரப்பப்பட வேண்டும் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாடு விடுதலை பெற்ற 1947-ஆம் ஆண்டையொட்டி ஓர் இந்தியரின் சராசரி வாழ்நாள் ஏறத்தாழ 32 ஆண்டுகளே. பச்சிளங் குழந்தைகள் பெருமளவில் இறந்ததே சராசரி இவ்வளவு தாழ்ந்திருந்ததற்கு முக்கியக் காரணம். தடுப்பூசியும், தூய குடிநீரும், மருத்துவமனைகளும் பெருகின. பெரியம்மை 1975-க்குப் பின் நம் நாட்டில் இல்லாதொழிந்தது. இன்று அச்சராசரி 70 ஆண்டுகளை எட்டியுள்ளது. அறிவியல் ஆண்டுகளைக் கூட்டித் தந்துவிட்டது. அவற்றை வாழத் தக்கவையாக ஆக்குவது யார் பொறுப்பு?

பிசிராந்தையார் தந்த விடை

இவ்வினாவுக்குச் சங்க காலத்திலேயே ஒரு விடை கிடைத்துள்ளது. பாண்டி நாட்டுப் பிசிர் என்னும் ஊரில் வாழ்ந்த ஆந்தையார், உறையூர் அரசன் கோப்பெருஞ்சோழனை நேரில் காணாமலே நட்புக் கொண்டவர். சோழன் வடக்கிருந்தபோது அவனைத் தேடி வந்தார். வயது முதிர்ந்த புலவர் என்று கேள்விப்பட்டிருந்த சான்றோர், அவர் தலையில் நரையே இல்லாதது கண்டு வியந்து காரணம் கேட்டனர். அதற்கு அவர் கூறிய மறுமொழியே புறநானூற்றின் 191-ஆம் பாடல்.

மாண்புமிக்க மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், தம் கருத்தறிந்து நடக்கும் ஏவலர், தீமை செய்யாது காக்கும் அரசன், இவையனைத்துக்கும் மேலாகத் தம் ஊரில் வாழும் அடக்கமுள்ள சான்றோர் பலர் என அவர் காரணங்களை அடுக்குகின்றார். இப்பட்டியலில் பொன் இல்லை, மருந்து இல்லை, அரிய உணவும் இல்லை. எல்லாம் காலையில் எழுந்து கதவைத் திறந்தால் எதிர்ப்படுபவை. ஒரு மனிதரின் முதுமை அவர் உடம்பை மட்டும் பொறுத்ததன்று, அவருடைய வீட்டையும் தெருவையும் ஊரையும் பொறுத்தது என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

மற்றொன்றையும் நாம் மறத்தலாகாது. முதுமையை வென்ற அப்புலவரே, நண்பனுக்காகத் தாமும் வடக்கிருந்து உயிர் துறந்தார். ஆண்டுகளின் எண்ணிக்கை அவருக்குப் பெரிதாகத் தோன்றவில்லை போலும்!

பழகிப்போதல்

மல்லிகைச் சரம் சூடியவருக்குச் சற்று நேரத்தில் அதன் மணம் தெரிவதில்லை. புதிதாக அறைக்குள் வருபவருக்கோ நன்கு தெரிகின்றது. மாறாமல் ஒரே நிலையில் இருக்கும் தூண்டலுக்குப் புலன்கள் மெல்ல மெல்லப் பதில் தருவதைக் குறைத்துக்கொள்கின்றன. உள்ளத்திற்கும் இவ்வியல்பு உண்டு. புது வீடும், புது வண்டியும், பட்டமும் தரும் மகிழ்ச்சி சில திங்களில் தேய்ந்துவிடுகின்றது. ஆகவே, ‘அது கிடைத்தபின் மகிழ்வேன்’ என்று தள்ளிப்போடுபவர் ஏமாறுகின்றார். நாள்தோறும் சிறிதளவேனும் மாறிக்கொண்டே இருப்பதுதான் பழகிப்போகாமல் மகிழ்ச்சி தரும். வளரும் செடி, பேசக் கற்கும் குழந்தை, அண்டை வீட்டாரின் பேச்சு ஆகியவை அத்தகையவை.

ஒரு செடியும் இரு மாடிகளும்

1976-ஆம் ஆண்டில் எல்லன் லாங்கர், ஜூடித் ரோடின் என்னும் இரு அமெரிக்க உளவியல் அறிஞர்கள் முதியோர் இல்லம் ஒன்றில் நிகழ்த்திய ஆய்வை வெளியிட்டனர். ஒரு மாடியில் இருந்த முதியோரிடம், ‘உங்கள் அறையையும் பொழுதையும் நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்’ என்று கூறி, விரும்பியவர் தாமே வளர்க்க ஒரு செடியும் தந்தனர். மற்றொரு மாடியிலும் செடி தந்தனர். ஆனால், ‘நீர் ஊற்றுவது உட்பட எல்லாவற்றையும் பணியாளர் பார்த்துக்கொள்வர்’ என்று கூறினர். மூன்று வாரங்களுக்குப் பின் முதல் மாடியினரே கூடுதல் மகிழ்வோடும் சுறுசுறுப்போடும் காணப்பட்டனர். இது சிறிய ஆய்வு. இதைக்கொண்டே எல்லாவற்றையும் முடிவு கட்டிவிட இயலாது. எனினும் இதைப் படித்தபோது என் கைகள் நடுங்கின. ஏனெனில் அந்த இரண்டாம் மாடி எங்கள் வீட்டிலேயே இருந்தது.

என் அப்பாயி

சேர்வராயன் மலையடிவாரத்தை அடுத்த எங்கள் ஊரில் அப்பாயி இரண்டு ஆடுகள் வளர்த்து வந்தார். எண்பது வயதைக் கடந்தும் கோடையில் புளி கொட்டை எடுப்பார். சென்ற ஆண்டு குழாயடியில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை. ஆனாலும் கொலுசுப் பட்டறையில் வேலை செய்யும் என் தந்தை அஞ்சிப்போனார். ஆடுகளை விற்றார். “நீ பட்டதெல்லாம் போதும்மா, சும்மா உக்காந்திரு” என்றார். அவர் குரலில் இருந்தது அன்பேயன்றி வேறில்லை. நானும் என் பங்குக்கு அவர் கையிலிருந்த முறத்தை வாங்கி வைத்தேன்.

வேளைக்குச் சோறும், மாத்திரையும், கட்டிலும் இருந்தன. ஆனால், அப்பாயி நாளுக்கு நாள் பேச்சைக் குறைத்துக்கொண்டார். ஓரிரவு படித்துக்கொண்டிருந்த என்னிடம், “எமனுக்கு நம்ம ஊட்டு வழி மறந்துபோச்சா கண்ணு?” என்று கேட்டார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவன் நான். அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை.

அந்த ஆய்வைப் படித்த வாரம், உடைந்த மண்தொட்டி ஒன்றில் மண் நிரப்பி, ஒரு பிடி கொத்தமல்லியை அப்பாயி முன் வைத்தேன். நான் அப்படியே தூவப் போனேன். “அட, முழுசாப் போட்டா எப்படி? ரெண்டாப் பொளக்கணும்” என்று வாங்கி, உள்ளங்கையால் தரையில் வைத்துத் தேய்த்தார். நாம் விதை என்று சொல்லும் கொத்தமல்லி மணி உண்மையில் ஒரு கனி என்பதும், அது இரு பகுதிகளாகப் பிளவுபடும் என்பதும் எங்கள் வகுப்பில் நான் படித்தவை. ஒரு நாளும் பள்ளி செல்லாதவர் அதனைக் கைப்பழக்கத்தில் வைத்திருந்தார்! நான் மாணவனானேன், அவர் ஆசிரியரானார்.

பத்து நாட்களுக்குப்பின் நான் எழுமுன்னே அப்பாயி எழுந்து, தொட்டியைப் பார்த்து வந்து, “மொளச்சிருக்கு, எந்திரிச்சு வந்து பாரு” என்று எழுப்பினார். பிறகு அடுத்த வீட்டார் தழை கேட்டு வரத் தொடங்கினர், பேச்சும் வந்தது. தந்தையும் புளியையும் அரிவாள்மணையையும் அவரிடம் திருப்பித் தந்தார். முழங்கால் வலி நீங்கிவிடவில்லை. முதுமையும் நீங்காது. ஒரு நாள் வேடிக்கையாக, “எமன் வந்தா என்ன சொல்லட்டும் அப்பாயி?” என்றேன். “இந்த மல்லியக் கிள்ளினப்புறம் வரச் சொல்லு” என்றார்.

முடிவுரை

மாணவ நண்பர்களே! நம் வீடுகளில் முதியோரைப் பட்டினி போடுபவர் சிலரே. ஆனால், ‘ஓய்வு’ என்னும் பெயரால் அவர்களின் நாளை வெறுமையாக்குபவர் நம்மில் பலர். சோறு உயிரைக் காக்கும். நாளைக் காலையில் எழுந்து பார்க்க ஏதேனும் ஒன்று இருப்பதே அவ்வுயிருக்குப் பொருள் தரும். இன்று வீடு திரும்பியதும், உங்கள் பாட்டியிடம் அவருக்குத் தெரிந்த ஒரு வேலையைக் கற்றுத் தரும்படி கேளுங்கள். உங்களுக்காகவும் ஒரு தொட்டியில் ஏதேனும் விதையுங்கள். நமக்கும் முதுமை வரும். அன்று பார்த்து மகிழக் கற்க வேண்டியதை இன்றே கற்றுக்கொள்வோமாக!