பரிசோதனைத் தாளில் ‘இயல்பான அளவு’

“குறைவு என்று போட்டிருக்கிறதே, இது என்ன நோய்?” என்று இரத்தப் பரிசோதனைத் தாளை நீட்டிக் கேட்போர், வைத்தியரைக் காண்பதற்கு முன் சுகாதார ஊழியரையோ பள்ளி ஆசிரியரையோ நாடுவதுண்டு. எண்ணின் அருகில் அச்சிட்டுள்ள இரண்டு எல்லைகளும் எவ்வாறு வகுக்கப்பட்டன என்பதை அறிந்தாலன்றி இதற்கு விடை கூற இயலாது.

நோயற்றவர் எனக் கொள்ளத்தக்க பலரை, குறைந்தது 120 பேரையேனும், ஒரே வகையில் சோதித்து, கிடைத்த அளவுகளை ஏறுவரிசையில் அமைப்பர். இரு கோடிகளிலும் நூற்றுக்கு இரண்டரை வீதம் நீக்கியபின் எஞ்சும் இடைவெளியே இயல்பான அளவு எனப்படுகிறது. ஆகவே நலமுள்ளோரிலும் இருபதில் ஒருவர் எல்லைக்கு வெளியே நிற்பார். இது நோயன்று, கணக்கின் விளைவு. ஒன்றையொன்று சாராத 20 சோதனைகளை நலமுள்ள ஒருவருக்கே செய்தால், அவற்றுள் ஒன்றேனும் எல்லை தாண்டும் வாய்ப்பு ஏறக்குறைய 64 சதவீதம். ‘முழு உடற்பரிசோதனை’ செய்துகொண்டு கவலையோடு வீடு திரும்புவோர் பலராயிருப்பதில் வியப்பில்லை.

எல்லா எல்லைகளும் இவ்வாறு பிறந்தவை அல்ல. வெறும் வயிற்றில் இரத்தச் சர்க்கரை 126 மில்லிகிராம் என்னும் வரம்பு, எந்த அளவிலிருந்து விழித்திரையில் பழுது மிகுகிறது என்பதை நோக்கி அமைந்தது. ஊராரில் பலருக்கு அவ்வளவு இருப்பினும் அது இயல்பாகிவிடாது.

இனி ஹீமோகுளோபினை நோக்குவோம். 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் (தாளில் டெசிலிட்டர் என்றிருக்கும்) ஆடவருக்கு 13 கிராமுக்கும், கருவுறாத பெண்டிருக்கு 12 கிராமுக்கும், 5 முதல் 11 வயதுச் சிறுவர் சிறுமியருக்கு 11.5 கிராமுக்கும் குறைந்தால் இரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. பத்து வயதுச் சிறுமிக்கு 11.8 கிராம் இருக்க, பெரியவர்களுக்குரிய எல்லையை அச்சிட்ட தாள் அவளை நோயாளி ஆக்கிவிடும். கருவுற்ற காலத்தில் இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுவதால் எல்லை தாழ்கிறது. லே போன்ற மிக உயர்ந்த இடங்களிலோ, காற்றழுத்தம் குறைந்திருப்பதால் உடல் மிகுதியான ஹீமோகுளோபினை உண்டாக்குகிறது. அங்கு ஓர் ஆடவருக்கு 13 கிராம் என்பது குறைவே. இந்தியக் குழந்தைகளுக்கு வரம்பையே தாழ்த்த வேண்டுமென, 2016-18 தேசிய ஊட்டச்சத்து ஆய்வின் அளவுகளைக் கொண்டு ஆராய்ச்சியாளர் சிலர் 2021-இல் எழுதினர். இதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு.

இரத்தம் எடுக்கும் கையும் எண்ணை மாற்றும். விரல்நுனியை அழுத்திப் பிழிந்தால் திசுநீர் கலந்து அளவு பொய்யாகக் குறையும். முதல் துளியைத் துடைத்துவிட்டு, தானாகத் திரளும் துளியையே எடுத்தல் வேண்டும்.

எல்லைக்குள் இருப்பதும் எப்போதும் அபயமன்று. சென்ற ஆண்டு 16 கிராம் இருந்த ஓர் ஆடவருக்கு இவ்வாண்டு 13.4 என்றால், தாள் அதனை இயல்பு என்றே கூறும். ஆயினும் குடலில் எங்கேனும் இரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம். அவரைத் தாமதமின்றி வைத்தியரிடம் அனுப்ப வேண்டும். பழைய தாள்களையும் உடன் எடுத்துச் செல்லும்படி கூறுங்கள்.