சம்பளச் சிட்டையை வாசிக்கத் தெரிந்த வங்கியாளர்

பதுளையிலோ பண்டாரவளையிலோ வங்கிக் கிளையொன்றில் கடன் பிரிவு கிடைத்திருக்கிறதா? முதல் வாரமே தோட்டத்துச் சம்பளச் சிட்டை ஒன்றை எடுத்து வைத்து வாசியுங்கள். முழுப் பேர் (முழுநாள் கணக்கு) எத்தனை, அரைப்பேர் (அரைநாள் கணக்கு) எத்தனை, கைக்காசு எவ்வளவு, முற்பணத்துக்குப் பிடித்தது எவ்வளவு? ஜூலை முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்றில் ஊவாத் தேயிலையின் மணம் கூடும், விலையும் ஏறும். செடியிலோ கொழுந்து குறையும்; பறிக்கும் பெண்ணின் பேர் அரைப்பேராகும். பன்னிரண்டு மாதமும் ஒரே தவணை என்று எழுதினால் ஆவணியில் கடன் நின்றுபோகும். பழி மட்டும் அந்தப் பெண்மீது விழும்.

அடுத்தது பிணை. தோட்டத்து ஆட்களுக்குக் கடன் இல்லை என்று எந்தக் கிளையிலும் யாரும் சொல்வதில்லை. "காணி உறுதி கொண்டு வாங்க" என்பார்கள், அவ்வளவுதான். லயத்து அறைக்கு ஏது உறுதி? அமெரிக்க வங்கிகள் கறுப்பின மக்களின் குடியிருப்புகளை வரைபடத்தில் சிவப்புக் கோட்டால் ஒதுக்கின. 1977இல் அதற்கெதிராகச் சட்டமே வந்தது. நம்மூரில் கோடு போடத் தேவைப்படவில்லை. ஆனால் ஊழியர் சேமலாப நிதியில் தொழிலாளியின் 8 வீதமும் தோட்டத்தின் 12 வீதமும் மாதாமாதம் சேர்கின்றன. தொழில் திணைக்களச் சான்றிதழோடு அந்த மீதியை வீட்டுக் கடனுக்குப் பிணையாக்கலாம். இந்த வழியை முகாமையாளருக்கு நினைவூட்டுகிறவராக நீங்கள் இருங்கள்.

கடன் என்றாலே பெரியவர்கள் ஏன் தயங்குகிறார்கள் என்பதும் தெரிந்திருக்கட்டும். கங்காணியிடம் பட்ட கடனை அடைத்தால்தான் ஆளை விடுவோம் என்று துரை எழுதித் தந்த சீட்டுக்குப் பெயர் துண்டு; 1921இல்தான் அது ஒழிந்தது. இன்று அந்த இடத்தில் நுண்கடன். நிதிக் கம்பனிகளின் நுண்கடன் வட்டிக்கு 2018இல் மத்திய வங்கி வரம்பு போட்டது: ஆண்டுக்கு 35 வீதம். வரம்பே இவ்வளவு!

1964 இலங்கை–இந்திய ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குக் கப்பலேறியவர்களுக்கும் பர்மாவிலிருந்து திரும்பியவர்களுக்கும் இந்திய அரசு 1969இல் சென்னையில் ரெப்கோ வங்கியைத் தொடங்கியது. பசறையிலும் லுணுகலையிலும் தங்கிவிட்டவர்களுக்கு எல்லாருக்கும் பொதுவான கவுண்டர்தான். அதற்கு அந்தப்பக்கம் இருப்பவர் நீங்கள்.

பதவி உயர்வு நேர்முகத்தில் சமூக சேவை பேசாதீர்கள். நீங்கள் சிபாரிசு செய்த தோட்டக் கடன்களின் அறவீட்டுக் கணக்கை மேசையில் வையுங்கள். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் சிபாரிசு எழுதப் பழகாவிட்டால் உங்கள் நல்லெண்ணம் கொழும்புத் தலைமையகத்தை எட்டாது. தமிழில் மனம் உருகிப் பேசும் அதிகாரிகள் ஏராளம், கோப்பு நகர்வதில்லை.

தோட்டத்துக்குப் போவதென்றால் பின்னேரம், கொழுந்து நிறுத்து முடிந்த பிறகு போங்கள். சம்பள நாளைத் தவிருங்கள். அன்றைக்கு லயத்து வாசலில் வேறு கடன்காரர்கள் முந்திக்கொண்டு நிற்பார்கள்.