ஓர் ஆண்டின் செய்திகள்: 2009

நுழையும்முன்

இன்றைய செய்தித்தாள் நாளை பழந்தாளாகிவிடும். எனினும், ஓர் ஆண்டின் முதன்மையான செய்திகளை மாத வரிசையில் அடுக்கிப் படிப்போமாயின், அன்று தனித்தனியே தோன்றியவற்றிற்கு இடையிலான தொடர்பு நமக்குப் புலப்படும். பெங்களூருவில் வாழும் தமிழர்க்கு 2009ஆம் ஆண்டு குறிப்பிடத்தக்கதோர் ஆண்டு. அவ்வாண்டின் அரசியல், சமூகம், கலை, அறிவியல், விளையாட்டு ஆகிய துறைகளின் செய்திகள் சிலவற்றை இப்பாடம் தொகுத்துரைக்கிறது. படிக்கும்போது ஒரு வினாவை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: 'இச்செய்தியை அன்று இந்நகரில் படித்த ஒரு தமிழ்க் குடும்பம் என்ன எண்ணியிருக்கும்?'

பிப்ரவரி: உலக மேடையில் தமிழ்

பிப்ரவரி 22 அன்று அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஆஸ்கர் விருது விழா நடைபெற்றது. 'ஸ்லம்டாக் மில்லியனர்' என்னும் திரைப்படத்திற்கு இசையமைத்த ஏ.ஆர். ரகுமான், சிறந்த இசைக்கும் சிறந்த பாடலுக்குமாக இரு விருதுகளைப் பெற்றார். விருதை ஏற்றுப் பேசுகையில், எல்லாப் புகழும் இறைவனுக்கே என்று தமிழிலும் கூறினார். அத்திரைப்படம் தமிழ்ப்படம் அன்று; அரங்கில் இருந்தோருள் பெரும்பாலோர் தமிழ் அறியாதவர். ஆயினும், பெருமைக்குரிய வேளையில் அவர் தம் தாய்மொழியை மறவாது பேசினார்.

ஏப்ரல், மே: தேர்தலும் கிரிக்கெட்டும்

பதினைந்தாம் மக்களவைக்கான தேர்தல் ஏப்ரல் 16 முதல் மே 13 வரை ஐந்து கட்டங்களாக நடைபெற்றது. மே 16 அன்று முடிவுகள் வெளியாயின. தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் தி.மு.க. தலைமையிலான அணி 27 தொகுதிகளை வென்றது. கர்நாடகத்தின் 28 தொகுதிகளில் பாரதிய ஜனதா கட்சி 19 தொகுதிகளைக் கைப்பற்றியது. நாடு முழுவதையும் நோக்க, காங்கிரஸ் கூட்டணி வென்று, மன்மோகன் சிங் மீண்டும் தலைமை அமைச்சரானார். பெங்களூருவில் வாக்காளராகப் பதிவு செய்துகொண்ட தமிழர்கள் இந்நகரின் தொகுதிகளிலேயே வாக்களித்தனர். ஒருவர் எந்த ஊரில் வாழ்கிறாரோ அந்த ஊரின் சாலைக்கும் குடிநீருக்கும் அவரும் பொறுப்பாளர் அல்லவா?

இத்தேர்தல் ஒரு விளையாட்டுச் செய்திக்கும் காரணமாயிற்று. தேர்தல் பணிக்குப் பாதுகாப்புப் படையினர் தேவைப்பட்டமையால், இரண்டாவது ஐ.பி.எல். தொடர் தென்னாப்பிரிக்காவிற்கு மாற்றப்பட்டது. மே 23 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் நடந்த அரையிறுதியில் சென்னை அணியும் பெங்களூரு அணியும் மோதின. தோனி தலைமையிலான சென்னையை, அனில் கும்ப்ளே தலைமையிலான பெங்களூரு 6 விக்கெட் வேறுபாட்டில் வென்றது. மறுநாள் இறுதிப் போட்டியில் கும்ப்ளே 16 ஓட்டங்களே கொடுத்து 4 விக்கெட்டுகளை வீழ்த்தினார். எனினும், டெக்கான் சார்ஜர்ஸ் அணி 6 ஓட்டங்களில் வென்று கோப்பையைக் கைப்பற்றியது.

அரையிறுதி நாளில் பெங்களூருத் தமிழ் வீடுகளில் பெற்றோர் ஓர் அணிக்கும் பிள்ளைகள் மற்றோர் அணிக்கும் கைதட்டியிருத்தல் கூடும். பிறந்த ஊரின்பால் பற்றும் வாழும் ஊரின்பால் பற்றும் ஒரே வீட்டில் இடம்பெறுவது இயல்பே.

மே: கடலுக்கு அப்பால் துயரம்

இலங்கையில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக நீடித்த போர் மே மாதத்தில் முடிவுக்கு வந்தது. இறுதிக் கட்டப் போரில் பொதுமக்கள் பல்லாயிரவர் உயிரிழந்தனர். வன்னிப் பகுதியிலிருந்து வெளியேறிய தமிழ் மக்கள் இரண்டரை லட்சத்திற்கும் மேற்பட்டோர் வவுனியா அருகே முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் உங்கள் வயதுச் சிறுவர் சிறுமியரும் இருந்தனர். அவர்களின் பள்ளிப் படிப்பு இடையில் நின்றது. தேர்தல் முடிவுகளும் கிரிக்கெட் போட்டிகளும் இத்துயரச் செய்தியும் ஒரே வாரத்துச் செய்தித்தாள்களில் வெளிவந்தன. பரபரப்பான செய்திக்கு இடையே துன்புறுவோர் செய்தியையும் தேடிப் படிப்பது நற்பண்பாகும்.

ஜூலை: இரு இசைமேதைகள் மறைவு

ஜூலை 16 அன்று கருநாடக இசைமேதை டி.கே. பட்டம்மாள் தம் 90ஆம் வயதில் சென்னையில் காலமானார். ஐந்து நாள் கழித்து, ஜூலை 21 அன்று, இந்துஸ்தானி இசைமேதை கங்குபாய் ஹங்கல் தம் 96ஆம் வயதில் ஹூப்ளியில் காலமானார். முன்னவர் காஞ்சிபுரம் பகுதியில் பிறந்தவர். பின்னவர் தார்வாடில் பிறந்தவர். பெண்கள் மேடையேறிப் பாடுவதைச் சமூகம் எளிதில் ஏற்காத காலத்தில் இருவரும் பாடத் தொடங்கினர். ஆண்களுக்கே உரியது எனக் கருதப்பட்ட பல்லவி பாடும் முறையில் தேர்ந்தமையால், பட்டம்மாள் 'பல்லவி பட்டம்மாள்' எனப் போற்றப்பட்டார். தமிழ்நாடும் கர்நாடகமும் ஒரே வாரத்தில் தத்தம் மூத்த கலைஞரை இழந்தன.

ஆகஸ்ட்: இரண்டு சிலைகள்

பெங்களூரு அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை ஒன்று உள்ளது. உங்களுள் பலர் அதனைப் பார்த்திருப்பீர்கள். அச்சிலை 1991ஆம் ஆண்டிலேயே நிறுவப்பட்டது, ஆனால், திறக்கப்படவில்லை.

1991 ஜூன் மாதத்தில் காவிரி நடுவர் மன்றம் தன் இடைக்காலத் தீர்ப்பை வழங்கியது. அதனைத் தொடர்ந்து இரு மாநிலங்களுக்கும் இடையே கசப்பு மிகுந்தது. அவ்வாண்டின் இறுதியில் பெங்களூருவில் கலவரம் மூண்டது. தமிழ்க் குடும்பங்கள் பல அஞ்சி ஊரை விட்டு நீங்கின. பலர் பின்னர்த் திரும்பி வந்தனர். இச்சூழலில் சிலைத் திறப்பு விழா கைவிடப்பட்டது. அன்று மூடிய சிலை பதினெட்டு ஆண்டுகள் மூடியபடியே நின்றது. அவ்வழியே நாள்தோறும் பள்ளிக்குச் சென்ற குழந்தை ஒன்று, உள்ளே இருப்பவர் யார் என்று காணாமலேயே வளர்ந்து பெரியவராகியிருக்கும்.

2009இல் இரு மாநில அரசுகளும் ஓர் உடன்பாட்டிற்கு வந்தன. பெங்களூருவில் வள்ளுவர் சிலையும் சென்னையில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலையும் திறக்கப்படும் என்பதே அவ்வுடன்பாடு. எதிர்ப்புகளும் வழக்குகளும் எழுந்தன. அவற்றைக் கடந்து விழா நடைபெற்றது. ஆகஸ்ட் 9 அன்று, கர்நாடக முதலமைச்சர் எடியூரப்பா முன்னிலையில் தமிழ்நாட்டு முதலமைச்சர் கருணாநிதி வள்ளுவர் சிலையைத் திறந்தார். ஆகஸ்ட் 13 அன்று சென்னை அயனாவரத்தில் சர்வக்ஞர் சிலையை எடியூரப்பா திறந்தார்.

வள்ளுவர் ஈரடியில் அறம் உரைத்தவர். சர்வக்ஞர் 'திரிபதி' எனப்படும் மூவடியில் அறம் உரைத்தவர். இருவர் வாக்கும் அவரவர் மொழி பேசும் எளிய மக்களின் நாவில் பழகியவை. சிலைகள் திறக்கப்பட்டமையால் காவிரிச் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. பின்னரும் அது பலமுறை தலைதூக்கியது. ஆயினும், நீர் குறித்த வழக்கு நடைபெறும்போதே புலவர்களைப் பகிர்ந்துகொள்ள இயலும் என்பதை அந்த ஐந்து நாள்கள் காட்டின.

அக்டோபர்: சிதம்பரத்திலிருந்து கேம்பிரிட்ஜ்

அக்டோபர் 7 அன்று வேதியியலுக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், தாமஸ் ஸ்டைட்ஸ், ஆடா யோனத் ஆகிய மூவரும் அதனைப் பகிர்ந்துகொண்டனர். உயிரணுவினுள் புரதத்தை உருவாக்கும் ரைபோசோமின் அமைப்பை இவர்கள் ஆராய்ந்து வெளிப்படுத்தினர். நோய்க் கிருமிகளின் ரைபோசோமைத் தாக்கியே பல மருந்துகள் செயல்படுவதால், புதிய மருந்துகளை உருவாக்க இவ்வாய்வு துணைபுரிகிறது.

ராமகிருஷ்ணன் 1952இல் சிதம்பரத்தில் பிறந்தவர். மூன்று வயதில் பெற்றோருடன் குஜராத்தின் வடோதராவிற்குக் குடிபெயர்ந்து, அங்கேயே வளர்ந்து இயற்பியல் பயின்றார். பின்னர் அமெரிக்கா சென்று உயிரியலின்பால் திரும்பினார். பரிசு பெற்றபோது இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பணியாற்றினார். உங்களைப் போலவே, பெற்றோரின் பணி நிமித்தம் வேற்று மாநிலத்தில் வளர்ந்தவர் அவர்.

தொகுத்து நோக்குவோம்

இச்செய்திகளில் ஒரு பொதுத்தன்மை உண்டு. இவற்றுள் பெரும்பாலானவை ஏதேனும் ஓர் எல்லையைக் கடந்தவை. பாடல் ஒன்று மொழியெல்லையைக் கடந்தது. விளையாட்டுத் தொடர் ஒன்று நாட்டெல்லையைக் கடந்தது. புலவர் இருவர் மாநில எல்லையைக் கடந்தனர். போர் காரணமாக எல்லை கடந்தோரின் துயரமும் அவ்வாண்டிலேயே நிகழ்ந்தது. விரும்பிப் பெயர்வது வேறு. விரட்டப்பட்டுப் பெயர்வது வேறு. இவ்வேறுபாட்டை உணர்ந்தவரே வேற்றூரிலிருந்து வருவோரை அன்போடு வரவேற்பர்.

சொல்லும் பொருளும்

புலப்படும் – தெரியவரும்
பற்று – விருப்பம், பிணைப்பு
முன்னிலையில் – முன் இருக்கையில்
நிமித்தம் – காரணமாக
கிருமி – நோய் உண்டாக்கும் நுண்ணுயிர்

மொழிப் பகுதி: செய்வினையும் செயப்பாட்டுவினையும்

'எடியூரப்பா சிலையைத் திறந்தார்' என்பது செய்வினை. 'சிலை எடியூரப்பாவால் திறக்கப்பட்டது' என்பது செயப்பாட்டுவினை. செய்தித்தாள்கள் பல வேளைகளில் செய்தவர் பெயரைக் கூறாது, 'சிலை திறக்கப்பட்டது' என்று மட்டும் எழுதும். 'விழா கைவிடப்பட்டது' என்னும் தொடரைப் பாருங்கள். கைவிட்டவர் யார் என்பதை அத்தொடர் கூறவில்லை. செயப்பாட்டுவினையைக் காணும்போதெல்லாம் 'யாரால்?' என்று கேட்டுப் படிப்பது நல்ல பழக்கம்.

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. 2009இல் ஐ.பி.எல். தொடர் வெளிநாட்டிற்கு மாற்றப்பட்டது ஏன்?
2. பட்டம்மாளுக்கும் கங்குபாய்க்கும் உள்ள ஒற்றுமைகள் இரண்டினை எழுதுக.
3. ரைபோசோமின் பணி யாது?

ஆ. விரிவான விடை தருக.
1. வள்ளுவர் சிலை பதினெட்டு ஆண்டுகள் மூடியிருந்தமைக்கான சூழலையும், அது திறக்கப்பட்ட முறையையும் விளக்குக.
2. 'விரும்பிப் பெயர்வது வேறு. விரட்டப்பட்டுப் பெயர்வது வேறு' – பாடத்திலிருந்து சான்றுகள் காட்டி எழுதுக.

இ. இப்பாடத்திலிருந்து செயப்பாட்டுவினைத் தொடர்கள் மூன்றினை எடுத்தெழுதுக. 'யாரால்?' என்னும் வினாவிற்கு எத்தொடர் விடை தருகிறது, எது தரவில்லை என்று குறிப்பிடுக.

ஈ. செயல்பாடு: உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம், அவர் இந்நகருக்கு வந்த ஆண்டு எது, வந்த காரணம் யாது, முதலில் பழகிய கன்னடச் சொல் எது என்று கேளுங்கள். யார், என்ன, எப்போது, எங்கே, ஏன், எப்படி ஆகிய ஆறு வினாக்களுக்கும் விடை அமையுமாறு, அதனைப் பத்து வரிச் செய்தியாக எழுதி வகுப்பில் படித்துக் காட்டுங்கள்.